எண்பது வயது மாணவர்களுக்கு ஸ்பானிஷ்

முதியோர் இல்லத்தில் ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால், பெரும்பாலும் உடனே வரும் பதில் இதுதான்: "ஓ, புது மொழி படிச்சா மறதி நோய் வராதாமே, நல்ல சேவை." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், புரிகிறது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று ஒரு எரிச்சல் வரும். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஜெர்மன் படிக்கிறார் என்றால் எதற்கு என்று கேட்போம், வேலைக்கா, பயணத்துக்கா, சும்மா ஆசைக்கா என்று. எண்பது வயதுக்காரர் படித்தால் மட்டும் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. அது அவருடைய மாத்திரை டப்பாவில் சேர்ந்த இன்னொரு மாத்திரை, அவ்வளவுதான்.

அதனால் அந்த மருந்துக் கதையை முதலிலேயே பேசி முடித்துவிடுகிறேன். 2007-ல் எலன் பியாலிஸ்டாக்கும் அவருடைய சகாக்களும் டொரன்டோவில் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வந்த 184 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வாழ்க்கை முழுக்க இரண்டு மொழிகளைப் புழங்கியவர்களுக்கு நோயின் அறிகுறிகள் சுமார் 4 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தன. 2013-ல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 நோயாளிகளைப் பார்த்து கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்தது, அங்கே 4.5 ஆண்டுகள், அதுவும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இரண்டும் முக்கியமான ஆய்வுகள். ஆனால் இரண்டுமே சிறு வயதிலிருந்தோ இளமையிலிருந்தோ இரு மொழிகளில் வாழ்ந்தவர்களைப் பற்றியவை. எண்பதில் முதல் பாடம் தொடங்குகிறவருக்கு அவை எந்த வாக்குறுதியும் தரவில்லை.

எண்பதுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிற ஆய்வு ஒன்று 2020-ல் ஸ்வீடனிலிருந்து வந்தது. 65 முதல் 75 வயது வரையிலான 160 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 11 வாரம் இத்தாலிய மொழியும் மற்றவர்களுக்கு உடல் தளர்வுப் பயிற்சியும் கொடுத்தார்கள். மொழி படித்தவர்கள் இத்தாலியன் கற்றுக்கொண்டார்கள். நினைவாற்றலிலோ பொது அறிவுத்திறனிலோ மற்றவர்களைவிட அவர்கள் முன்னே போகவில்லை. நேர்மையான முடிவு, எனக்குப் பிடித்த முடிவும்கூட, ஏனென்றால் அதில் ஒரு வரி எல்லார் கண்ணிலிருந்தும் தப்பிவிடுகிறது: இத்தாலியன் கற்றுக்கொண்டார்கள்!

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். தாமஸ் பாக் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஒரு வாரம் தீவிரமாகக் கேலிக் மொழி படித்தவர்களுக்கு, 18 வயதுக்காரர் முதல் 78 வயதுக்காரர் வரை, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் திறன் கூடியிருந்தது. அதன் பிறகும் வாரத்துக்கு 5 மணி நேரமாவது பயிற்சி செய்தவர்களிடம் ஒன்பது மாதம் கழித்தும் அது தங்கியிருந்தது. நல்ல சேதிதான். ஆனால் அது நாள் முழுக்க உட்கார்ந்து படித்த ஒரு வாரம். நான் எடுப்பது வாரத்தில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், அதிலும் பாதியில் ரத்த அழுத்தம் பார்க்க ஆள் வந்துவிடும்.

சரி, பிறகு எதற்கு?

இல்லத்தில் இருப்பவரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். எழுப்புவது, குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, சாப்பிட வைப்பது, நடக்க வைப்பது, படுக்க வைப்பது. எல்லா வினையும் பிறவினை. அன்பாகச் செய்யப்படுபவைதான், குறை சொல்லவில்லை, ஆனால் காலையிலிருந்து இரவு வரை அவர் செய்கிறவராக இருக்கும் நேரம் எவ்வளவு என்று பார்த்தால் கொஞ்சம் கலக்கமாக இருக்கும். 1976-ல் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனை உளவியல் பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம் உங்கள் அறையும் உங்கள் நேரமும் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, விருப்பப்பட்ட செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தில் செடி கொடுத்து, தண்ணீர் ஊற்றுவதைப் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சில வாரங்களிலேயே முதல் தளத்தினர் அதிகச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது பதிவானது. மொழி வகுப்பை நான் அந்தச் செடியின் இடத்தில்தான் வைக்கிறேன். அதைப் படிக்கலாம், படிக்காமல் விடலாம், பாதியில் எழுந்து போகலாம், அடுத்த வாரம் வந்து "போன தடவை நடத்துனது சரியில்லை" என்று என்னைத் திட்டலாம். திட்ட ஆள் கிடைப்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை.

இனி நடைமுறை. இந்த வகுப்பில் மூளையைவிட முதலில் காதைத்தான் கவனிக்க வேண்டும்.

வயதாகும்போது காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் போவது உயர் அதிர்வெண்கள். ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அடையாளமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உயிரொலிகளின் வலு கீழே இருக்கிறது, அதனால் அவை தப்பித்துக்கொள்கின்றன. "நீ பேசுறது கேக்குதும்மா, என்ன பேசுறேன்னுதான் தெரியல" என்று பெரியவர்கள் சொல்வது விதண்டாவாதம் இல்லை, அச்சு அசலாக அதுதான் நடக்கிறது. பழைய தொலைபேசி இணைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும், அதனால்தான் அதில் ஸ-வும் ஃப-வும் ஒன்றுபோலக் கேட்டு, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டிவந்தது. பல பெரியவர்களுக்கு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினாலும் அதே நிலைமைதான். தாய்மொழி என்றால் விட்டுப்போனதை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். புது மொழியில் ஊகிக்க என்ன கையிருப்பு இருக்கிறது?

கத்துவது உதவாது. கத்தினால் குரல் மேலே ஏறும், வாயசைவு கோணும், காது மெஷின் போட்டவருக்கு வலிக்கவே செய்யும். குரலின் சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தி, மெதுவாக, முகத்தைக் காட்டிப் பேச வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் என் முகம் நிழலாகிவிடும், உதட்டைப் படிக்க முடியாது, அதனால் வெளிச்சம் என் மேல் விழுகிற பக்கம் நிற்பேன். மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பேன், பக்கத்துக் கூடத்துத் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்வேன். காது மெஷின் பேச்சை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் கருவி அல்ல, இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். அப்புறம் அதன் பேட்டரி. வகுப்பு தொடங்குமுன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது எந்தக் கற்பித்தல் முறையையும்விட அதிகப் பலன் தந்திருக்கிறது.

எந்த மொழி என்பதையும் காதை வைத்து யோசிக்கலாம், யாரும் அப்படி யோசிப்பதாகத் தெரியவில்லை. ஸ்பானிஷில் ஐந்தே உயிரொலிகள், குறில் நெடில் வைத்துப் பொருள் மாறுவதில்லை, எழுதியிருப்பதும் ஒலிப்பதும் ஏறக்குறைய ஒன்று. காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொடுக்கும். பிரெஞ்சில் சொல்லின் கடைசி எழுத்துகள் பெரும்பாலும் ஊமை, மூக்கொலிகள் வேறு, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துச் சண்டை போடும். சீன மொழியில் ஸ, ஷ, ச குடும்பத்து ஒலிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, உயர் அதிர்வெண் போனவருக்கு அவை ஒரே கூட்டம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஸ்பானிஷை முன்வைக்கிறேன். ஆனால் ஒருவர் எனக்குப் பிரெஞ்சுதான் வேண்டும் என்றால் பிரெஞ்சுதான். ஆசைப்பட்ட மொழியில் தடுமாறுவது, ஆசைப்படாத மொழியில் சுலபமாகப் போவதைவிட நீண்ட நாள் தாங்கும்.

ஸ்பானிஷிலும் ஒரு சிக்கல் உண்டு. பன்மைக்கு அடையாளம் கடைசியில் வரும் 'ஸ்', சரியாக நம் ஆட்களுக்குக் கேட்காத ஒலி. கேட்காததால் சொல்லவும் மாட்டார்கள். நான் திருத்துவதில்லை. தெற்கு ஸ்பெயினிலும் கியூபாவிலும் கோடிக்கணக்கானவர்கள் அந்த 'ஸ்'-ஐ மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசுகிறார்கள், யாரும் அவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது என்று சொல்வதில்லை. "நீங்க பேசுறது கியூபாக்காரங்க பேசுற மாதிரி இருக்கு" என்றால் அன்றைக்கு முழுக்க அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் போன வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, எண்பதில் இன்னும் குறைவு. 18 புள்ளிக்குக் குறையாத எழுத்து, பளபளக்காத தாள், நல்ல கறுப்பு மை. விழிலென்ஸ் மஞ்சளடிப்பதால் நீலமும் பச்சையும் குழம்பும், எனவே ஆண்பால் சொற்களுக்கு நீலம் பெண்பாலுக்குப் பச்சை என்று வண்ணம் தீட்டி அழகு பார்க்க வேண்டாம். ஒரு பக்கத்தில் ஆறேழு வரிகள் போதும். விற்பனைக்கு இருக்கும் மொழிப் புத்தகங்கள், படங்களும் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாக நெருக்கியடித்துக்கொண்டிருப்பவை, இங்கே எதற்கும் உதவாது.

புத்தகம் உதவாததற்கு அதைவிடப் பெரிய காரணம் உள்ளே இருக்கும் பாடம். முதல் பாடத்தில் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள். இரண்டாவதில் உங்கள் குடும்பம். மூன்றாவதில் வார இறுதியில் எங்கே போகப் போகிறீர்கள், விமான நிலையத்துக்கு எப்படிப் போவது. இருபத்தைந்து வயதுக்காரருக்காக எழுதியது. குடும்பப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், கணவர் பெயர் என்ன. சாதாரணக் கேள்விகள், ஆனால் இந்த அறையில் ஒருவர் கணவரை இழந்து சில மாதம்தான் ஆகியிருக்கும், இன்னொருவரின் மகன் வருடக்கணக்கில் வந்து எட்டிப் பார்த்திருக்க மாட்டார், வேறொருவருக்குத் தன் மகள் இறந்துவிட்டது சில நாள் நினைவிருக்கும் சில நாள் இருக்காது. வகுப்பில் ஒப்புவிக்கிற கேள்விகள் இல்லை இவை. கற்பனைக் குடும்பம் ஒன்றை உருவாக்கி எல்லாரும் சேர்ந்து அதற்குப் பிள்ளைகுட்டி, கல்யாணம், சொத்துத் தகராறு என்று வளர்த்துக்கொண்டு போகிறோம். சொத்துத் தகராறில்தான் சொல்வளம் பெருகுகிறது.

வேலை, பயணம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு நான் முதலில் சொல்லித் தருவது மூன்று. ஒன்று வணக்கம், நன்றி. இரண்டு, 'மே துவேலே', எனக்கு வலிக்கிறது, பின்னால் உடலுறுப்பு எதையும் சேர்த்துக்கொள்ளலாம், அன்றாடம் பயன்படும். மூன்றாவது 'நோ கியேரோ', வேண்டாம், எனக்கு விருப்பமில்லை. இதை அவர்கள் எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார்கள் தெரியுமா! பணியாளர்களுக்கும் அது பரவிவிட்டது, குளிக்கப் போகலாமா என்று கேட்டால் 'நோ கியேரோ' என்று பதில் வருகிறது, ஆரம்பத்தில் புரியாமல் விழித்தார்கள், இப்போது அவர்களும் ஸ்பானிஷிலேயே பேரம் பேசுகிறார்கள்.

அடுத்து நேராக இறந்த காலத்துக்குப் போய்விடுவேன். வழக்கமான பாடத்திட்டத்தில் நிகழ்காலத்தை மாதக்கணக்கில் அரைத்த பிறகுதான் அது வரும். ஆனால் என் மாணவர்களிடம் சொல்வதற்கு இருப்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இதில் ஸ்பானிஷ் ஒரு பெரிய உதவி செய்கிறது. 'முன்பெல்லாம் அப்படி இருந்தேன், அப்படிச் செய்துகொண்டிருந்தேன்' என்று சொல்லும் ஒரு காலம் அந்த மொழியில் உண்டு, அதில் ஒழுங்கற்ற வினைகள் மொத்தமே மூன்று. இரு, போ, பார் ஆகிய மூன்று மட்டும். மற்ற எல்லா வினையும் இரண்டே வாய்ப்பாட்டில் அடங்கிவிடும். அதைவிடச் சௌகரியம், நான் என்பதற்கும் அவர் என்பதற்கும் மரியாதையான நீங்கள் என்பதற்கும் ஒரே வடிவம். 'பிவீயா' என்றால் வாழ்ந்தேன், வாழ்ந்தார், வாழ்ந்தீர்கள். 'த்ரபஹாபா' என்றால் வேலை பார்த்தேன், பார்த்தார், பார்த்தீர்கள். ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு முழு உரையாடலை நடத்தலாம். நிகழ்காலத்தில் இதே அளவு பேச வேண்டுமென்றால் எத்தனை வடிவம் மனப்பாடம் செய்ய வேண்டும்! 'நீ' என்று ஒருமையில் விளிக்கும் வடிவத்தை நான் நடத்துவதே இல்லை. அங்கே யாரும் யாரையும் நீ என்று கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை, தவிர அந்த வடிவமும் அந்தக் கேட்காத 'ஸ்'-இல்தான் முடிகிறது.

இதை நடத்தியபோது ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் குறுக்கிட்டார். "ஏம்மா, மூணு விதிவிலக்குதான்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் முதல் நாளே சேர்ந்திருப்பேனே." இளைஞர்களுக்கு இலக்கணம் என்றாலே கசக்கும் என்று விளையாட்டு, பாட்டு, செயலி என்று வைத்து மறைத்துக் கொடுப்பார்கள். இவர்களில் பலருக்கு வாய்ப்பாடு வேண்டும், அட்டவணை வேண்டும், கட்டம் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள் படித்த முறை அது. சமீபத்திய கற்பித்தல் முறை எது சொன்னாலும், எழுபது வருடமாகக் கைவந்த ஒரு படிப்பு முறையைக் கைவிடச் சொல்ல எனக்கு என்ன உரிமை? எல்லாருக்கும் அப்படி இல்லை என்பதும் உண்மை, பள்ளிக்கே அதிகம் போகாத ஒரு அம்மா கட்டத்தைப் பார்த்தாலே நோட்டை மூடிவிடுவார், காதால் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அசைவோடு சேர்ந்த பாடம் நன்றாக வேலை செய்கிறது. ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் உருவாக்கிய முறை ஒன்று உண்டு, ஆசிரியர் கட்டளை சொல்வார், மாணவர் பேசாமல் செய்து காட்டினால் போதும். அவர் 'எழுந்திரு, நட, திரும்பு' என்று தொடங்கினார். வீல் சேரும் வாக்கருமாக இருக்கும் அறையில் அது நடக்காது. கையை உயர்த்துங்கள், கண்ணை மூடுங்கள், ஜன்னலைப் பாருங்கள், புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள் என்று மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் கட்டளையிடும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கக் கட்டளை கேட்கிறவர்கள் எனக்குக் கட்டளையிட ஆரம்பித்தால் நான் அறையைச் சுற்றி ஓடி மூச்சு வாங்குவேன்.

நினைவு என்று வந்தால், வயதாகும்போது எல்லாம் மொத்தமாகக் குறைந்துவிடும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அப்படி இல்லை. பார்த்தால் இது தெரிந்த சொல் என்று அடையாளம் காணும் திறன் அவ்வளவாகக் குறைவதில்லை, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சொல்லை இழுத்து எடுப்பதுதான் கடினமாகிறது. 'ஜன்னலுக்கு ஸ்பானிஷில் என்ன?' என்று கேட்டுவிட்டு நின்றால் அறை மௌனமாகிவிடும். மூன்று சொற்களைக் காட்டி எது ஜன்னல் என்று கேட்டால் எல்லாக் கையும் மேலே. அதிலிருந்து தொடங்கி மெதுவாக உதவியைக் குறைத்துக்கொண்டே போகலாம். இன்னொன்று காத்திருப்பது. பள்ளி ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார், 3 நொடியாக்கினாலே பதில்கள் மேம்பட்டன. எங்கள் வகுப்பில் பத்து வரை மனதுக்குள் எண்ணுகிறேன். கேட்பதற்கு எளிது, செய்து பாருங்கள், ஏழாவது எண்ணில் நாக்கு துடிக்கும்.

டிமென்ஷியா இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்பார்கள். விரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வேன். அவர்களுக்கென்று நல்ல முறை ஒன்று இருக்கிறது, இடைவெளி விட்டு நினைவுகூர வைப்பது. லாண்டவரும் பியோர்க்கும் 1978-ல் ஆராய்ந்ததை, பிறகு காமரன் கேம்ப் டிமென்ஷியா உள்ளவர்களுக்காகத் தகவமைத்தார். ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்து உடனே கேட்பது, அரை நிமிடம் கழித்துக் கேட்பது, பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது. இடையில் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாம். தவறினால் யோசிக்க விடாமல் உடனே சரியான விடையைச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, கடைசியாக வெற்றி பெற்ற இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். மேலே பத்து எண்ணச் சொன்னவள் இங்கே மட்டும் காத்திருக்காதே என்கிறேனே என்றால், காரணம் இருக்கிறது. நினைவிழப்பு உள்ளவர்கள் ஊகித்துச் சொன்ன தவறான விடை அவர்களிடம் தங்கிவிடும், ஆனால் அது தவறு என்று திருத்தப்பட்டது தங்காது. பாட்லியும் வில்சனும் 1994-ல் காட்டியது இது. ஆகவே தவறு செய்யும் வாய்ப்பையே குறைப்பது நல்லது. மற்ற மாணவர்களுக்கு இது தேவையில்லை, அவர்கள் தாராளமாகத் தப்பு விடலாம்.

ஒரு அம்மாவுக்கு நான் யார் என்று ஒவ்வொரு முறையும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஸ்பானிஷா, எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாதே என்பார். 'கோமோ எஸ்தா உஸ்தெத்?', எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் தயங்காமல் 'ப்யென், க்ராஸியாஸ்', நன்றாக இருக்கிறேன், நன்றி என்று வரும், உச்சரிப்பு என்னைவிடச் சுத்தமாக. பிறகு அவரே ஆச்சரியப்பட்டுச் சிரிப்பார். இதில் மாயம் ஒன்றும் இல்லை. 1950-களிலும் 60-களிலும் பிரெண்டா மில்னர் ஆராய்ந்த ஹென்றி மொலாய்சன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாதவர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் திறமையில் நாளுக்கு நாள் முன்னேறினார், முன்பு அதைச் செய்ததே நினைவில்லாமல். கற்றது ஓரிடத்தில், கற்றேன் என்ற நினைவு வேறிடத்தில். அந்த அம்மாவிடம் "போன வாரம் படிச்சீங்களே, ஞாபகம் இல்லையா" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது, புதிதாகச் சேர்ந்த உதவியாளர்களிடம் முதலில் சொல்வது அதைத்தான்.

வகுப்பு காலையில்தான். வயதானவர்களில் பெரும்பாலோருக்குக் கவனமும் நினைவும் காலையில் நன்றாக இருக்கும், டிமென்ஷியா இருப்பவர்களில் பலருக்கு மாலை சாய்ந்தால் குழப்பமும் பதற்றமும் கூடும். ஆனால் இல்லங்களின் காலை என்பது குளியல், டாக்டர் வருகை, பிசியோதெரபி என்று நிரம்பியிருக்கும், 'நடவடிக்கை' என்று தலைப்பிட்டதெல்லாம் மதியத் தூக்கத்துக்குப் பிறகுதான். இந்த நேரத்துக்காக நான் போட்ட சண்டையை ஸ்பானிஷ் சொல்லித் தருவதில் போட்டிருந்தால் எல்லாரும் இந்நேரம் நாவல் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு சண்டை பேச்சு முறை பற்றியது. வயதானவர்களிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சுவது, 'சமத்து, வெரி குட், கை தட்டுங்க எல்லாரும்' என்பது. கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பணியாளர்கள் இப்படிக் கொஞ்சிப் பேசும்போது டிமென்ஷியா உள்ளவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது அதிகமாக இருந்தது. மொழி வகுப்பில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் புது மொழியில் எல்லாருமே குழந்தை அளவுக்குத்தான் பேச முடியும். சொற்கள் குறைவு என்பதற்காக மனிதரைச் சிறியவராக்கிவிடக் கூடாது. மழலைப் பாட்டு கிடையாது, நட்சத்திர ஸ்டிக்கர் கிடையாது. பாட்டு வைத்தால் பெரியவர்கள் கேட்கும் காதல் பாட்டு, அதில் பொறாமையும் துரோகமும் தாராளமாக இருக்கும். பாடுவதால் பலனும் உண்டு, 2014-ல் வெளியான ஒரு சோதனையில் ஹங்கேரிய வாக்கியங்களைப் பாடிப் படித்தவர்கள் பேசிப் படித்தவர்களைவிட நன்றாகத் திருப்பிச் சொன்னார்கள், அவர்கள் முதியவர்கள் இல்லை என்றாலும். எல்லாரையும் பாட்டி, தாத்தா என்று அழைப்பதையும் நான் செய்வதில்லை. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். கணக்காசிரியர் சார், இன்னொருவர் மேடம், ஒருவர் வெறும் பெயரே போதும் என்றார், ஒரு அம்மா மட்டும் பாட்டி என்றே கூப்பிடு என்றார், அவருக்கு அது பிடிக்கிறது.

முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு இல்லத்தில் வகுப்பைவிட வகுப்பின் புகைப்படம்தான் முக்கியமாக இருந்தது. நன்கொடையாளர்களுக்கு அனுப்ப, முகநூலில் போட. மாணவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், இருவர் வேண்டாம் என்றார்கள், அதை நிர்வாகத்திடம் சொன்னேன், கொஞ்ச நாளில் வகுப்புக்கு அறை கிடைப்பது அரிதாகிப் பிறகு நின்றே போனது. இப்போது எங்கே போனாலும் கேமராவைப் பற்றி முதல் நாளே பேசிவிடுகிறேன்.

மாணவர்கள் இறந்துபோவார்கள். இதைச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது. பல இல்லங்களில் அதைப் பற்றிப் பேசாமல் அடுத்த நாளைத் தொடங்கிவிடுவார்கள், மற்றவர்கள் பயப்படுவார்களாம். அவர்கள் பயப்படுவது மௌனத்தைப் பார்த்து. நாங்கள் பேசுகிறோம், அவரைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் இறந்த காலத்தில் ஸ்பானிஷில் சொல்கிறோம், எங்கே வாழ்ந்தார், என்ன வேலை பார்த்தார், வகுப்பில் எதற்கெல்லாம் சண்டை போட்டார். அந்த இலக்கணம்தான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே. குடும்பத்தினர் கேட்டால் அவருடைய வகுப்பு நோட்டைக் கொடுத்துவிடுவேன்.

இவர்களே சொல்லிக்கொடுப்பவர்களாக மாறினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. 2014-ல் பிரேசிலின் சி.என்.ஏ. மொழிப்பள்ளி தன் மாணவர்களைச் சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள விண்ட்சர் பார்க் இல்லத்தில் இருந்த முதியவர்களோடு வீடியோ அழைப்பில் இணைத்தது, ஆங்கிலம் பழகுவதற்காக. மாணவர்களுக்குப் பொறுமையான பேச்சுத்துணை, முதியவர்களுக்குத் தங்கள் தாய்மொழியே வேலை. அதே மாதிரி தமிழ் கற்கும் வெளிநாட்டவர்களை எங்கள் ஆட்களோடு பேச வைக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறேன், இல்லத்தின் இணைய வேகம்தான் இன்னும் ஒத்துழைக்கவில்லை.

அதற்கிடையில் கணக்காசிரியருக்குப் பரீட்சை எழுத வேண்டுமாம். ஸ்பானிஷுக்கு 'தெலே' என்று ஒரு தேர்வு உண்டு, செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது, முதல் நிலை ஏ1. வயது உச்சவரம்பு இல்லை. இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் 50 மதிப்பெண், இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தது 30 எடுக்க வேண்டும். சான்றிதழ் காலாவதி ஆகாது என்று சொன்னபோது, "நான் ஆயிடுவேன், அது பரவாயில்லையா?" என்று கேட்டார். வாசிப்பும் எழுத்தும் அவருக்குப் பிரச்சினையே இல்லை. கேட்டல் பகுதிதான் இடிக்கிறது, ஒலிப்பதிவை இரண்டு முறைதான் போடுவார்கள். சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கு ஏற்பாடு செய்து தரக் கோரலாம், அதற்குக் காது டாக்டரின் சான்று வேண்டும், டாக்டர் வருகிற நாளும் எங்கள் வகுப்பும் ஒரே காலையில் மோதுகின்றன. வகுப்பைத் தவறவிட முடியாது, டாக்டரை வேறு நாள் வரச் சொல்லுங்கள் என்று அவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.